செவ்வாயில் பறந்த இரு கேமராக்கள்

2021 ஏப்ரல் 19 அன்று செவ்வாயின் ஜெசெரோ பள்ளத்தில் இன்ஜெனியூயிட்டி என்ற சிறு ஹெலிகாப்டர் 3 மீட்டர் உயரம் எழும்பி, சற்று நேரம் மிதந்து, பத்திரமாகத் தரையிறங்கியது. வேறொரு கோளின் காற்றில் மனிதர்கள் செய்த இயந்திரம் ஒன்று தன் விசையால் பறந்தது அதுவே முதல் முறை. இரண்டு கிலோவுக்கும் குறைவான எடை கொண்ட அந்த ஹெலிகாப்டர் இரண்டு கேமராக்களைச் சுமந்துகொண்டிருந்தது.

ஒன்று 13 மெகாபிக்சல் வண்ணக் கேமரா. அதன் சென்சார் கைபேசிகளுக்காகச் செய்யப்பட்டது. செவ்வாயின் செம்மண் மேடுகளை வானிலிருந்து நமக்குக் காட்டிய அழகான படங்கள் அதன் வேலை. மற்றொன்று கீழ்நோக்கிப் பொருத்தப்பட்ட கறுப்பு வெள்ளைக் கேமரா. அகலத்தில் 640, உயரத்தில் 480 என மூன்று லட்சம் பிக்சல்தான். முதல் கேமராவின் நாற்பதில் ஒரு பங்கைவிடவும் சற்றுக் குறைவு. ஆனால் ஹெலிகாப்டர் பறந்தது இந்தச் சிறிய கேமராவை நம்பித்தான். நொடிக்கு 30 படங்கள் எடுத்து, தரையில் தெரியும் கற்களும் மேடுகளும் ஒரு படத்திலிருந்து அடுத்த படத்துக்குள் எவ்வளவு நகர்ந்தன என்று கணித்து, தன் வேகத்தையும் இடத்தையும் அது அறிந்துகொண்டது.

தெளிவு கூடிய கேமரா இருக்கையில் தெளிவு குறைந்ததை ஏன் நம்ப வேண்டும்? இந்த அத்தியாயம் முழுவதும் அந்தக் கேள்விக்கான பதில்தான். பள்ளி ஆய்வகத்தில் ஊசலைப் படம்பிடிக்கும் மாணவருக்கும், லேசர் ஒளியின் குறுக்கீட்டுப் பட்டைகளை அளக்கும் ஆய்வாளருக்கும் அதே பதில் பொருந்தும்.

கடையில் நாம் வாங்கும் கேமரா, கைபேசிக் கேமரா உட்பட, மனிதக் கண்ணுக்காகச் செய்யப்பட்டது. பார்ப்பவருக்குப் படம் பிடித்திருக்க வேண்டும் என்பதே அதன் இலக்கு. தொழிலகக் கேமரா என்பது உற்பத்தி வரிசையில் ஓடும் மாத்திரைகளையும் மின்சுற்றுப் பலகைகளையும் சோதிப்பதற்காகப் பிறந்தது. அதன் படத்தைப் பார்ப்பது கணினி. கணினிக்கு அழகு தேவையில்லை. எந்தப் பிக்சலில் எவ்வளவு ஒளி, எந்தக் கணத்தில் விழுந்தது என்ற தகவல் போதும். அறிவியல் சோதனைக்கும் அதுவே தேவை.

படத்துக்குள் நடக்கும் திருத்தங்கள்

இரு வகைக் கேமராக்களின் உள்ளேயும் இருப்பது சிலிக்கான் சென்சார். ஒளித்துகளான ஃபோட்டான் சிலிக்கானில் மோதும்போது ஓர் எலெக்ட்ரான் விடுபடுகிறது. ஒவ்வொரு பிக்சலும் தன்னிடம் சேர்ந்த எலெக்ட்ரான்களை மின்னழுத்தமாக மாற்றிக் கொடுக்க, அது எண்ணாகிறது. ஒளி இரட்டித்தால் எலெக்ட்ரான்களும் இரட்டிக்கும். இந்த நேர்விகித உறவுதான் சென்சாரை ஓர் அளவுகருவி ஆக்குகிறது. 1969-இல் பெல் ஆய்வகத்தில் வில்லார்ட் பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் சிசிடி சென்சாரை உருவாக்கினார்கள். வானியலாளர்கள் ஃபிலிமைக் கைவிட்டு அதன் பக்கம் போனதற்கு இந்த நேர்விகிதம் ஒரு முக்கியக் காரணம். அந்தக் கண்டுபிடிப்புக்கு 2009-இல் நோபல் பரிசு கிடைத்தது.

கடைக் கேமராவின் சென்சாரும் இதே நேர்மையோடுதான் அளக்கிறது. சிக்கல் அதற்குப் பிறகு தொடங்குகிறது.

முதலில் நிறம். சிலிக்கானுக்கு நிறம் தெரியாது. 1970-களின் நடுவில் கோடாக் நிறுவனத்தில் பணியாற்றிய பிரைஸ் பேயர் வகுத்த முறைப்படி, ஒவ்வொரு நான்கு பிக்சலிலும் இரண்டின் மேல் பச்சை வடிகட்டியும், ஒன்றின் மேல் சிவப்பும், ஒன்றின் மேல் நீலமும் பதிக்கப்படுகின்றன. ஆக எந்தப் பிக்சலும் ஒரு நிறத்தைத்தான் அளக்கிறது. மற்ற இரண்டு நிறங்களைக் கேமரா அண்டைப் பிக்சல்களைப் பார்த்து ஊகித்து நிரப்புகிறது. 24 மெகாபிக்சல் கேமராவில் ஹீலியம்-நியான் லேசரின் சிவப்புப் பட்டைகளைப் படம்பிடித்தால், அந்த ஒளியை முறையாக அளப்பவை 60 லட்சம் பிக்சல்கள் மட்டுமே. மற்றதெல்லாம் கணக்குப் போட்டுச் சேர்த்தது. தொழிலகக் கேமராக்கள் பெரும்பாலும் வடிகட்டியே இல்லாத கறுப்பு வெள்ளை வகையிலும் கிடைக்கின்றன. அவற்றில் ஒவ்வொரு பிக்சலும் தானே அளந்ததைச் சொல்கிறது.

அடுத்தது கூர்மையாக்கல். விளிம்புகள் எடுப்பாகத் தெரியவேண்டும் என்று கேமரா கரிய விளிம்பை இன்னும் கரிதாக்கி, வெளிறிய விளிம்பை இன்னும் வெளிறச் செய்கிறது. முகத்துக்கு அது அழகு. ஒளி விளிம்பு விளைவைப் படிக்கும் சோதனையிலோ இயற்கையில் இல்லாத ஒரு பட்டை படத்தில் முளைத்து நிற்கும். அதன் பின் இரைச்சல் நீக்கம். பிறகு 8×8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்கும் ஜேபெக். ஒவ்வொரு படியிலும் ஒரு பிக்சலின் எண் பக்கத்துப் பிக்சல்களோடு கலந்துவிடுகிறது.

எல்லாவற்றையும்விட ஏமாற்றுவது ஒளிச்செறிவு வளைகோடு. கணினித் திரைகளுக்கான எஸ்ஆர்ஜிபி தரத்தின்படி முழு ஒளி 255 என்று பதிவானால், பாதி ஒளி 128 என்று பதிவாகாது. 188 என்று பதிவாகும். கால் பங்கு ஒளி 137. கண்ணின் உணர்வுக்கு ஏற்றபடி நிழற்பகுதிகளுக்கு அதிக எண்களை ஒதுக்கும் ஏற்பாடு இது. படத்துக்கு மிகப் பொருத்தமானது.

இதை அறியாமல் ஒரு மாணவர் வண்ணக் கரைசலின் செறிவைக் கைபேசியால் அளக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பீர்-லாம்பர்ட் விதிப்படி ஒளி உறிஞ்சல் அளவு செறிவுக்கு நேர்விகிதமானது. கரைசல் பாதி ஒளியை மட்டும் விட்டால் அந்த அளவு 0.301, கால் பங்கை விட்டால் 0.602. ஜேபெக் எண்களை அப்படியே கணக்கில் போட்டால் கிடைப்பவை 0.132, 0.270. உண்மையில் பாதியைக்கூட எட்டவில்லை. ஆனால் இதிலுள்ள ஆபத்து வேறு: இரண்டாவது எண் முதலாவதைப் போல ஏறத்தாழ இரு மடங்கு! வரைபடம் போட்டால் புள்ளிகள் நேர்கோட்டில் அழகாக அமரும். விதி நிரூபணமாகிவிட்டது என்றே தோன்றும். கோட்டின் சாய்வு மட்டும் பாதிக்கும் கீழாக இருக்கும். பிழை தன்னைக் காட்டிக்கொடுக்காமல் உட்கார்ந்திருக்கும் இடம் இது. செறிவு தெரிந்த சில கரைசல்களை அதே கேமராவில், அதே பூட்டிய அமைப்பில் எடுத்து ஒப்பிட்டால் ஓரளவு தப்பலாம். ஆனால் இன்றைய கைபேசிகள் படத்துக்குப் படம், ஒரே படத்தின் வெவ்வேறு பகுதிகளுக்கேகூட, இந்த வளைகோட்டை மாற்றிக்கொள்கின்றன. அப்போது ஒப்பீடும் கைகொடுக்காது.

இதற்கு விடை ரா கோப்பு. சென்சார் அளந்த 12 அல்லது 14 பிட் எண்களைத் திருத்தங்கள் இல்லாமல் சேமிக்கும் வழி அது. கடைக் கேமராவை ஆய்வகத்துக்குள் கொண்டுவர விரும்புபவர் முதலில் செய்யவேண்டியது ஜேபெக்கை விட்டு ராவுக்கு மாறுவதுதான். அங்கும் விழிப்புத் தேவை. சில கேமராக்கள் ரா கோப்பிலும் கைவைக்கின்றன. நீண்ட நேர ஒளிப்பதிவில் தனித்து ஒளிரும் பிக்சலைப் பழுது என்று கருதி அழித்துவிடும் சில மாடல்களுக்கு, மங்கலான விண்மீன்களைப் பறிகொடுத்த வானியல் ஆர்வலர்கள் ‘நட்சத்திரத் தின்னி’ என்றே பெயர் வைத்தார்கள்.

ஒரே படம், பல கணங்கள்

இனி நேரம். இன்ஜெனியூயிட்டியின் கறுப்பு வெள்ளைக் கேமராவைத் தேர்ந்தெடுத்ததற்கான முக்கியக் காரணம் இங்கே இருக்கிறது.

கடைக் கேமராக்களின் சிமாஸ் சென்சார்களில் பெரும்பாலானவை வரிசை வரிசையாகப் படிக்கப்படுகின்றன. கல்யாணப் பந்தியில் சோறு பரிமாறுவதுபோல: எல்லா இலைக்கும் அதே அளவு கிடைக்கும், ஆனால் முதல் இலைக்கு வந்த நேரமும் கடைசி இலைக்கு வந்த நேரமும் ஒன்றல்ல. இதற்கு உருளும் ஷட்டர் என்று பெயர். படத்தின் மேல் வரிசையும் கீழ் வரிசையும் ஒரே அளவு நேரம் ஒளியைச் சேகரிக்கின்றன. ஆனால் வெவ்வேறு கணங்களில்.

ஒரு சென்சாரைப் படித்து முடிக்க 20 மில்லி நொடி ஆகிறது என்று கொள்வோம். 1 மீட்டர் விழுந்த பந்தின் வேகம் நொடிக்கு 4.4 மீட்டர். அந்த 20 மில்லி நொடியில் அது ஏறத்தாழ 9 சென்டிமீட்டர் இறங்கியிருக்கும். நிமிடத்துக்கு 2,400 முறை சுழலும் இறக்கை அதே இடைவெளியில் 288 பாகை திரும்பிவிடும். சுழலும் விசிறியின் இறக்கைகள் கைபேசிப் படத்தில் வளைந்து தெரிவது இதனால்தான். ஷட்டர் வேகத்தை 1/4000 நொடிக்கு ஏற்றினாலும் வளைவு போகாது. ஒவ்வொரு வரிசையும் கூர்மையாகும், வரிசைகளுக்கு இடையிலான நேர வேறுபாடு அப்படியே இருக்கும். ஷட்டர் வேகம் என்ற ஒற்றை எண்ணை நம்பி இயக்கத்தை அளப்பவர்கள் தவறும் இடம் இது.

தொழிலகக் கேமராக்களில் பலவும் முழுமை ஷட்டர் கொண்டவை. ஒவ்வொரு பிக்சலுக்குள்ளும் ஒரு சிறு சேமிப்பிடம் உண்டு. எல்லாப் பிக்சல்களும் ஒரே கணத்தில் தொடங்கி, ஒரே கணத்தில் முடித்து, தங்கள் எலெக்ட்ரான்களை அந்தச் சேமிப்பிடத்துக்கு மாற்றிவிடுகின்றன. பிறகு நிதானமாகப் படித்துக்கொள்ளலாம். இன்ஜெனியூயிட்டியின் வழிகாட்டும் கேமரா இந்த வகை. அழகுப் படங்கள் எடுத்த வண்ணக் கேமரா உருளும் ஷட்டர் வகை. பறந்துகொண்டே தரையின் நகர்வை அளக்கவேண்டிய இயந்திரத்துக்கு வளைந்த படம் பயன்படாது.

முழுமை ஷட்டருக்கு ஒரு விலை உண்டு. பிக்சலுக்குள் சேமிப்பிடம் வைத்தால் ஒளி விழும் பரப்பும் எலெக்ட்ரான்கள் சேரும் இடமும் குறைகின்றன. 2023-இல் அறிவிக்கப்பட்ட சோனி ஏ9 III-தான் முழு அளவு சென்சாரில் முழுமை ஷட்டர் கொண்ட முதல் கடைக் கேமரா. அதன் அடிப்படை ஐஎஸ்ஓ 250. இதே அளவு சென்சார் கொண்ட மற்ற கேமராக்களில் அது பொதுவாக 100. அசையாத பொருளை எடுப்பவருக்கு இந்த ஏற்பாட்டால் லாபம் இல்லை.

எப்போது எடுத்தது?

1878-இல் எட்வர்ட் மைபிரிட்ஜ் கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் ஓடும் குதிரையைப் படம்பிடித்தார். பாதையோரம் கேமராக்களை வரிசையாக வைத்து, குறுக்கே நூல்களைக் கட்டினார். குதிரை நூலை அறுக்கும்போது அந்தக் கேமராவின் ஷட்டர் இயங்கியது. எப்போது எடுக்கவேண்டும் என்பதைக் குதிரையே முடிவுசெய்தது. நான்கு கால்களும் ஒருசேரத் தரையை விட்டு எழும் கணம் அப்படித்தான் சிக்கியது. அறிவியல் கேமராவின் அடிப்படைப் பண்பு அன்றே தெரிந்துவிட்டது: நிகழ்வு கட்டளையிட, கேமரா கீழ்ப்படிய வேண்டும்.

கடைக் கேமராவின் பொத்தானை அழுத்தினால் அது குவியம் பார்க்கிறது, ஒளியளவு பார்க்கிறது, அதன் பின் எடுக்கிறது. இடையில் கழியும் பல மில்லி நொடிகள் ஒவ்வொரு முறையும் சற்றே மாறும். மாறாத தாமதத்தைக் கணக்கில் கழித்துவிடலாம். மாறும் தாமதத்தை எதைக்கொண்டு கழிப்பது? தொழிலகக் கேமராவின் பின்புறத்தில் ஒரு டிரிகர் கம்பி இருக்கும். மின்துடிப்பு வந்த சில மைக்ரோ நொடிகளுக்குள் ஒளிப்பதிவு தொடங்கும். இன்னொரு கம்பி வழியே, தான் இப்போது ஒளியைச் சேகரித்துக்கொண்டிருக்கிறேன் என்று கேமரா வெளியே தெரிவிக்கும். அந்தத் துடிப்பைக் கொண்டே விளக்கை எரியவைக்கலாம். நீரோட்டத்தில் மிதக்கும் நுண்துகள்களை அடுத்தடுத்து இருமுறை படம்பிடித்து ஓட்டத்தின் வேகத்தை அளக்கும் சோதனைகளில், இரு லேசர் துடிப்புகளுக்கு இடையே சில மைக்ரோ நொடிகளே இருக்கலாம். முதல் துடிப்பு முதல் படத்தின் இறுதியிலும், இரண்டாவது துடிப்பு அடுத்த படத்தின் தொடக்கத்திலும் விழவேண்டும். கம்பிவழிக் கட்டளை இல்லாமல் அது நடக்காது.

கடைக் கேமராவுக்கும் இங்கே ஒரு வழி உண்டு. அமெரிக்காவின் எம்ஐடியில் ஹெரால்ட் எட்கர்ட்டன் காட்டிய வழி. இருட்டறையில் ஷட்டரைத் திறந்து வைத்துவிட்டு, மைக்ரோ நொடிகளில் அணைந்துவிடும் ஃபிளாஷை நிகழ்வைக் கொண்டே எரியவைத்தார். 1957-இல் பால்துளி ஒன்று தெறித்துக் கிரீடமாக எழுந்ததை அவர் பதிவுசெய்தது புகழ்பெற்றது. இருளில் நேரத்தைத் தீர்மானிப்பது ஷட்டர் அல்ல, ஒளி. எல்லா வரிசைகளும் திறந்திருக்கையில் ஃபிளாஷ் மின்னினால் உருளும் ஷட்டரின் வளைவும் மறைந்துவிடும்.

படம் எடுத்தால் போதாது. எடுத்த கணமும் சரியாகப் பதிவாக வேண்டும். இன்ஜெனியூயிட்டியின் ஆறாவது பறத்தல் இதற்குச் சான்று. 2021 மே 22 அன்று, 10 மீட்டர் உயரத்தில், நொடிக்கு 4 மீட்டர் வேகத்தில் பறந்துகொண்டிருந்தபோது, ஏறத்தாழ 54-ஆவது நொடியில் வழிகாட்டும் கேமராவின் ஒரே ஒரு படம் கணினிக்கு வந்து சேராமல் தொலைந்தது. தொலைந்த படத்தால் பெரிய கேடில்லை. ஆனால் அதற்குப் பிறகு வந்த எல்லாப் படங்களிலும் நேரமுத்திரை தவறிப்போனது. நொடிக்கு 30 படம் என்றால் ஒரு படத்துக்கான இடைவெளியில் ஹெலிகாப்டர் 13 சென்டிமீட்டர் நகர்ந்திருக்கும். கல் இருக்கவேண்டிய இடம் ஒன்று, தெரிந்த இடம் வேறு. இல்லாத பிழையைத் திருத்த முனைந்து ஹெலிகாப்டர் முன்னும் பின்னும் 20 பாகைக்கு மேல் சாய்ந்தாடியது. இறங்கும் கட்டத்தில் கேமராவைப் பயன்படுத்தாமல் விடும்படி நிரல் எழுதியிருந்ததும், ஹெலிகாப்டரை நிலைதடுமாறாத வலுவோடு வடிவமைத்திருந்ததும் அதைக் காப்பாற்றின. குறித்த இடத்திலிருந்து 5 மீட்டருக்குள் அது தரையிறங்கியது.

இதனால்தான் தொழிலகக் கேமராக்கள் ஒவ்வொரு படத்தோடும் வரிசை எண்ணையும் நேரமுத்திரையையும் அனுப்புகின்றன. 41-க்கு அடுத்து 43 வந்தால் ஒரு படம் விடுபட்டது உடனே தெரியும். பல கைபேசிகளின் காணொளியிலோ படங்களுக்கு இடையிலான இடைவெளியே சீராக இருப்பதில்லை. நொடிக்கு 30 என்று எழுதியிருப்பதை நம்பி ஊசலின் அலைவு நேரத்தைக் கணக்கிடுவதற்கு முன், கோப்பில் உள்ள நேரங்களைப் பிரித்துப் பார்க்கவேண்டும்.

மங்கிய ஒளியில் யார் மேல்?

இதுவரை சொன்னதைக் கொண்டு தொழிலகக் கேமராதான் எப்போதும் சிறந்தது என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

ஒளி துகள்களாக வருவதால் அதன் அளவில் இயல்பாகவே ஏற்ற இறக்கம் உண்டு. ஒரு பிக்சலில் 10,000 எலெக்ட்ரான்கள் சேர்ந்தால் அதன் ஏற்ற இறக்கம் வர்க்கமூலமான 100; அதாவது 1 சதவீதம். 100 எலெக்ட்ரான்களே சேர்ந்தால் 10 சதவீதம். எந்த நிறுவனத்தின் எந்தக் கேமராவும் இந்த இயற்கை எல்லையைத் தாண்ட முடியாது. துல்லியம் வேண்டுமென்றால் அதிக ஒளியைச் சேர்க்கவேண்டும். அதற்குப் பெரிய சென்சார் உதவும். தொழிலகங்களில் பரவலாகப் பயன்பட்ட சோனியின் ஐஎம்எக்ஸ்174 சென்சாரில் ஒரு பிக்சல் சுமார் 32,000 எலெக்ட்ரான்களைத் தாங்கும். படிக்கும்போது சேரும் இரைச்சல் சுமார் 7 எலெக்ட்ரான். இன்றைய முழு அளவு கடைக் கேமராக்கள் பல இதைவிடக் குறைந்த இரைச்சலும் பல மடங்கு பரப்பும் கொண்டவை. கோடிக்கணக்கானவர்களுக்காகச் செய்வதால் விலையும் கட்டுக்குள் இருக்கிறது.

அசையாத, மங்கலான பொருளுக்கு ராவில் எடுக்கும் கடைக் கேமரா அருமையான கருவி. எப்சிலான் ஆரிகே என்ற விண்மீன் 27 ஆண்டுகளுக்கு ஒருமுறை நீண்ட கிரகணத்துக்கு உள்ளாகிறது. 2009 முதல் 2011 வரை அது நிகழ்ந்தபோது, அமெரிக்க மாறொளிர் விண்மீன் நோக்குநர் சங்கம் ‘சிட்டிசன் ஸ்கை’ என்ற திட்டத்தை நடத்தியது. ஆர்வலர்கள் சாதாரண டிஎஸ்எல்ஆர் கேமராக்களால் அதன் ஒளியை அளந்தார்கள். ராவில் எடுத்து, விண்மீனின் ஒளி பல பிக்சல்களில் பரவும்படி குவியத்தைச் சற்றே விலக்கி, வானியலாளர்களின் நிலையான மஞ்சள்-பச்சை அளவுக்கு நெருங்கிய பச்சைப் பிக்சல்களை மட்டும் பயன்படுத்தி, ஒளி மாறாத அண்டை விண்மீனோடு ஒப்பிட்டார்கள். கேமரா தானாக எடுக்கும் முடிவுகளை ஒவ்வொன்றாக நீக்கிவிட்டால் எஞ்சுவது நல்ல அளவுகருவி என்று அந்தப் பணி காட்டியது.

இரண்டையும் இணைத்தவர்களும் உண்டு. பீட்டர் வான் டோக்கமும் ராபர்ட்டோ ஆப்ரகாமும் நியூ மெக்சிகோவில் அமைத்த டிராகன்ஃபிளை தொலைநோக்கியில், விளையாட்டுப் போட்டிகளைப் படமெடுப்பவர்கள் வாங்கும் கேனான் 400 மி.மீ. லென்ஸ்கள் கொத்தாகக் கட்டப்பட்டிருக்கின்றன. சிதறொளியைக் குறைக்கும் அந்த லென்ஸ்களின் நுண்பூச்சு மிக மங்கலான விண்மீன் மண்டலங்களைத் தேட உதவியது. லென்ஸ்களின் பின்னால் பொருத்தியதோ வானியலுக்கான குளிரூட்டிய சிசிடி கேமராக்கள். 2015-இல் கோமா கொத்தில் அதுவரை அறியப்படாத ஒரு வகை மங்கலான மண்டலங்களை அது கண்டறிந்தது.

தொழிலகக் கேமராவைத் தேர்ந்தெடுக்க இன்னும் சில காரணங்கள் உண்டு. அதில் திரையோ நினைவட்டையோ இல்லை. கணினி நிரலே அதன் ஒவ்வோர் அமைப்பையும் ஆள்கிறது. நேற்றைய அமைப்பை இன்று எண் பிசகாமல் திரும்பக் கொண்டுவரலாம். 1920×1200 பிக்சல் படத்தை 8 பிட்டில் நொடிக்கு 163 முறை அனுப்பினால் நொடிக்கு 375 மெகாபைட். யூஎஸ்பி 3 கம்பி அதைத் தாங்கும். கிகாபிட் ஈதர்நெட்டில் மூன்றில் ஒரு பங்கு வேகமே கிடைக்கும், ஆனால் கம்பி 100 மீட்டர் வரை நீளலாம். முழு வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடினால் 1.35 டெராபைட் சேரும் என்பதால், கேமரா வாங்கும்போதே வட்டுக்கும் பணம் ஒதுக்கவேண்டும். அதோடு, இஎம்விஏ 1288 என்ற பொதுத் தரத்தின்படி இரைச்சல், எலெக்ட்ரான் கொள்ளளவு, ஒளியைப் பிடிக்கும் திறன் ஆகியவற்றைப் பல தயாரிப்பாளர்கள் அளந்து வெளியிடுகிறார்கள். கடைக் கேமராவின் விளம்பரத்தில் இவை இருப்பதில்லை.

எந்தக் கேமராவானாலும் நான்கு சோதனைகள்

கையில் எது இருந்தாலும் அதை முதலில் அளந்து பார்க்கவேண்டும். செலவில்லாத நான்கு சோதனைகள் போதும்.

முதலாவது, நேர்விகிதம். பேட்டரியில் எரியும் நிலையான எல்இடி விளக்கை வெள்ளைத் தாளில் பாய்ச்சுங்கள். வீட்டு மின்சாரத்தில் எரியும் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிப்பதால் அவை வேண்டாம். ஒளிப்பதிவு நேரத்தை இரட்டித்துக்கொண்டே போய் ரா எண்கள் இரட்டிக்கின்றனவா என்று பாருங்கள். கடைக் கேமராவில் 1/30 என்று எழுதியிருப்பது பெரும்பாலும் உண்மையில் 1/32 நொடி, 1/60 என்பது 1/64 என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

இரண்டாவது, இருள். லென்ஸ் மூடியைப் போட்டு எடுங்கள். ஒளியே இல்லாதபோது கேமரா சொல்லும் எண்ணை எல்லா அளவிலிருந்தும் கழிக்கவேண்டும். படம் முழுவதும் சுத்தமான பூச்சியமாக வந்தால், இரைச்சலின் ஒரு பகுதியைக் கேமரா வெட்டி எறிகிறது என்று பொருள்.

மூன்றாவது, இரைச்சல். சீராக ஒளியூட்டிய தாளை ஒரே அமைப்பில் இருமுறை எடுத்து, ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்து, எஞ்சும் சிதறலின் வர்க்கத்தைக் கணக்கிடுங்கள். பல ஒளியளவுகளில் இதைச் செய்து, இருளின் எண்ணைக் கழித்த சராசரிக்கு எதிராக வரைந்தால் நேர்கோடு வரவேண்டும். அதன் சாய்விலிருந்து கேமராவின் ஓர் எண்ணுக்கு எத்தனை எலெக்ட்ரான் என்பது கிடைக்கும். கோடு வளைந்தால் உள்ளே எங்கோ திருத்தம் நடக்கிறது. அல்லது பிக்சல் நிரம்பிவிட்டது.

நான்காவது, நேரம். தெரிந்த வேகத்தில் மின்னும் எல்இடியை லென்ஸின் முன் வைத்து, அதன் ஒளி படம் முழுவதும் பரவும்படி எடுங்கள். உருளும் ஷட்டர் என்றால் கிடைமட்டப் பட்டைகள் தோன்றும். ஒரு மின்னலுக்கும் அடுத்த மின்னலுக்கும் இடையில் எத்தனை வரிசைகள் என்று எண்ணினால், ஒரு வரிசையைப் படிக்க ஆகும் நேரம் தெரிந்துவிடும். அந்த நேரம் தெரிந்தபின், வளைந்த படத்திலிருந்தும் ஒவ்வொரு வரிசையின் கணத்தைத் திருத்திக்கொண்டு சரியான வேகத்தைப் பெறலாம்.

நகரும் பொருள், துல்லியமான கணம், ஓயாத ஓட்டம் ஆகியவை தேவைப்பட்டால் முழுமை ஷட்டர் கொண்ட தொழிலகக் கேமராவுக்குச் செலவிடுங்கள். அசையாத பொருள், மங்கிய ஒளி, பொறுமையாக எடுக்க நேரம் என்றால் பெரிய சென்சார் கொண்ட கடைக் கேமரா போதும். கைபேசி மட்டும்தான் உண்டு என்றால் குவியம், ஒளிப்பதிவு நேரம், ஐஎஸ்ஓ மூன்றையும் பூட்டி, ராவில் எடுக்கும் செயலியைப் பயன்படுத்துங்கள். எதுவானாலும் இந்த நான்கு சோதனைகளின் முடிவுகளையும் கேமராவின் பெயரோடு சேர்த்துக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள். உங்கள் அளவை இன்னொருவர் வேறொரு கேமராவில் எடுத்துச் சரிபார்க்க அந்தப் பக்கம்தான் வழிவிடும்; மெகாபிக்சல் எண்ணிக்கை அதற்கு உதவாது.